கையின் சேமிப்பு காலுக்கு உதவுமா?

மிதிவண்டி ஓட்டும்போது உழைப்பவை உங்கள் கால்கள். கைகள் பிடியைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய ஓய்வில் இருக்கின்றன. கால்கள் களைத்துவிட்டால் கைத்தசையில் உள்ள சக்தியைக் கொஞ்சம் கடன் வாங்க முடியாதா? வகுப்பில் ஒரு மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் குளுக்கோஸாக மாறுகின்றன. உடனே தேவைப்படாத குளுக்கோஸை உடல் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரின் தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்து சுமார் 400 கிராமும், கல்லீரலில் சுமார் 100 கிராமும் இருக்கும்.

கல்லீரலின் சேமிப்பு சிறியது. ஆனால் உடல் முழுவதற்கும் பொதுவானது. கல்லீரல் இரத்தத்தில் விடும் குளுக்கோஸை மூளையும் மற்ற உறுப்புகளும் எடுத்துக்கொள்ளும். தசையால் அப்படிக் கொடுக்க முடியாது. கிளைகோஜன் உடையும்போது கிடைக்கும் குளுக்கோஸுடன் ஒரு பாஸ்பேட் ஒட்டியிருக்கும். அதை நீக்கினால்தான் குளுக்கோஸ் உயிரணுவை விட்டு வெளியேறும். நீக்கும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை.

அப்படியென்றால் கையின் சேமிப்பு காலுக்குப் பயன்படாதா? சுற்றுவழி ஒன்று இருக்கிறது. கடுமையாக உழைக்கும்போது இரத்தத்தில் அட்ரினலின் கூடுகிறது. அது ஓய்விலிருக்கும் தசையிலும் கிளைகோஜனை உடைக்கத் தூண்டுகிறது. அங்கே உருவாகும் லேக்டேட் இரத்தத்தில் கலக்கிறது. இதயமும் உழைக்கும் தசைகளும் அதை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. ஒரு பகுதியைக் கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக மாற்றுகிறது. தசைக்கும் கல்லீரலுக்கும் இடையிலான இந்தச் சுழற்சியை விளக்கியவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர். கிளைகோஜன் பற்றிய ஆய்வுக்காக 1947-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே, லேக்டேட் வெறும் கழிவு அன்று.

ஆனால், சுற்றுவழியை நம்பி வெறும் வயிற்றோடு ஓடலாமா? இரவு நாம் உறங்கும்போதும் கல்லீரலின் சேமிப்பு கரைந்துகொண்டே இருக்கும். பசியாறாமல் குறுக்கோட்டத்திற்கு வரும் மாணவரின் தசைகளில் சேமிப்பு மிச்சமிருக்கலாம். மூளைக்கு அதை அவை நேராகக் கொடுக்க முடியாது. ஓட்டத்தின் நடுவே தலை சுற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெற்றோர்களே, போட்டி நாளில் ஓடுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு பிள்ளைக்கு இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து அனுப்புங்கள்.