சுவரின் ஈரமும் மார்பின் இரைப்பும்

போடிநாயக்கனூருக்கு ஏலத்திற்கு வரும் ஏலக்காயின் பசுமை, மலைமேல் உள்ள உலர்த்தும் ஸ்டோரிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பறித்த காயின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அதனை ஏறக்குறைய 45 முதல் 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, ஈரம் 10 சதவீத அளவுக்கு இறங்கும்வரை உலர்த்துகின்றனர். தொழில் தெரிந்தவர்கள் அறையைச் சூடாக்குவதோடு நின்றுவிடுவதில்லை. காய் வியர்க்கும் தொடக்க நேரத்தில் ஆவிபோக்கிகளைத் திறந்து வைக்கின்றனர். வெப்பம் ஈரத்தைக் காயிலிருந்து கிளப்பும். அதனை அறையைவிட்டு வெளியே கொண்டுபோவது காற்று. வெளியேற வழியில்லையேல் அந்த ஈரம் காயின்மீதே மீண்டும் படிந்துவிடும்.

குடியிருக்கும் வீட்டிற்கும் இதே கணக்குத்தான். ஆனால் காய்க்குக் காட்டும் கவனத்தை வீட்டிற்கு யாரும் காட்டுவதாகத் தெரியவில்லை.

குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டுச் சரிவுகளிலிருந்து மூச்சிரைப்போடு வருவோரிடம், நுரையீரல் மருத்துவர்களாகிய நாங்கள் இருமலைப் பற்றிக் கேட்ட கையோடு படுக்கையறைச் சுவரைப் பற்றியும் கேட்கிறோம். “மழைக்காலத்தில் கொஞ்சம் கறுக்கும், பொங்கலுக்கு வெள்ளையடித்தால் சரியாகிவிடும்” என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. எங்களுக்கு அந்தக் கறுப்பு ஒரு நோய்க்குறி. அது பூஞ்சை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதன் நுண்வித்துகள் இழுப்பைத் தூண்டக்கூடும். சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையால் நுரையீரலில் கடும் ஒவ்வாமையே உண்டாகிறது. ஈர வீட்டில் வாழ்வோருக்கு மூச்சுக்கோளாறுகள் கூடுதல் என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களில் உறுதிப்படுத்தியது. இவ்வளவு பூஞ்சை இருந்தால் பாதகமில்லை என்று ஓர் அளவை அது வகுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரியில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் மட்டுமே. மிச்சம் நீராக வெளிப்பட்டாக வேண்டும். சமவெளியின் வெப்பக் காற்று டாப் ஸ்டேஷனை நோக்கி மலையேறும்போது குளிர்ந்து மூடுபனியாவது இதனால்தான். இரவில் நம் வீட்டுக்குள்ளும் ஒரு சிறிய மூடுபனி உருவாகிறது. விடியற்காலையில் தகரக் கூரையின் அடியில் துளிர்த்துச் சொட்டும் நீரைப் பார்த்துக் கூரை ஒழுகுகிறது என்று தார் பூசுவோர் உண்டு. பல வேளைகளில் அது நம் மூச்சும் அடுப்பின் ஆவியும்தான். 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது 20 லிட்டருக்கு மேற்பட்ட நீர் ஆவியாக வெளிப்படுகிறது. பருப்பும் சோறும் வேகும் ஆவி அதில் சேராது.

தரையிலிருந்து ஏறும் ஓதம் வேறு வகை. சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்ந்தால் அதனை ஐயுறலாம். எந்த ஈரம் என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு சாண் அளவுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் அடைத்து, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் நனைந்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம்.

பழைய சுண்ணாம்புச் சுவரும் மண்சுவரும் உறிஞ்சிய ஈரத்தை வெயில் நாளில் மெல்ல விட்டுவிடும். அவற்றின்மேல் சிமெண்டைப் பூசி, அதன்மேல் நீர்புகா பெயிண்டையும் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. உத்திரத்து மரம் உளுப்பதும் கரையான் ஏறுவதும் அதற்குப் பிறகுதான். செலவு செய்து வீட்டைக் கெடுத்துக்கொள்ளும் வழி இது என்றே நாங்கள் கருதுகிறோம்.

கான்கிரீட் தளம் இதற்கு விலக்கன்று. பகல் வெயிலில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்கிச் சுருங்கி அதில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. அவற்றின் வழியே நீரும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் இறங்குகின்றன. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பிக்குக் காவல். அந்த வாயு காரத்தைக் குறைத்ததும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். எனவே கான்கிரீட் பிளந்து பெயர்ந்து விழுகிறது. தளத்தின் அடியில் துருக்கறையோ பெயர்ப்போ தெரிந்தால், கொத்தனார் வரும்வரை காத்திராமல் நோயாளியின் கட்டிலை அன்றே இடம் மாற்றிவிடுங்கள்.

பராமரிப்பவர்களுக்குச் சில செய்திகள். சன்னலை எப்போதும் திறந்து வைக்குமாறு நாங்கள் சொல்வதில்லை; மூடுபனி இறங்கிய வேளையில் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் ஏறிய பிறகு எதிரெதிர்ச் சன்னல்களை ஒரு மணி நேரமாவது திறந்து வையுங்கள். சமைக்கும்போதும் குளித்த பின்னும் ஆவி வெளியேற வழி செய்யுங்கள். நோயாளி உறங்கும் அறையில் துணி உலர்த்த வேண்டாம். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அவற்றின் பின்புறம்தான் பூஞ்சை முதலில் குடியேறும். கறுத்த இடத்தைச் சோப்பு நீரால் துடைத்து உலரவிட வேண்டும்; அந்த வேலையை இரைப்பு நோயாளி செய்யக்கூடாது, செய்பவரும் முகக்கவசம் அணிய வேண்டும். கூரை ஒழுகலையோ ஓதத்தையோ சீர்செய்யாமல் மேலே பெயிண்ட் அடிப்பது வீண்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். அறையை உலர்த்தவோ குளிருக்கோ மூடிய அறைக்குள் கரியடுப்பு, விறகுத் தணல் எதையும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

வீட்டைச் சீராக்கும் வேலை முடியும்வரை, இன்ஹேலரை எழுதிக்கொடுத்த அளவில் தவறாமல் எடுத்துவர வேண்டும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, நோயாளி உறங்கும் அறையின் நான்கு சுவர்களையும் கூரையின் அடிப்புறத்தையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வாருங்கள். எந்த மாதத்தில், எந்த வேளையில் இரைப்பு மிகுகிறது என்பதையும் ஒரு தாளில் குறித்து வந்தால், மார்பு எக்ஸ்ரேயோடு அவற்றையும் சேர்த்துப் பார்ப்போம்.