சுவர் மாறினால் நேரமும் மாறும்

சுவரில் பதித்த சூரியக் கடிகாரத்தைப் பலரும் அலங்காரப் பொருளாகவே எண்ணுகின்றனர். கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அதைக் கழற்றி, வசதியான வேறொரு சுவரில் மாட்டிவிடுவதும் உண்டு. அன்று முதல் அக்கடிகாரம் தவறான நேரத்தைக் காட்டும். காரணம், அது அந்த ஊருக்கும் அந்தச் சுவருக்கும் மட்டுமே கணக்கிடப்பட்டது.

நிழலை விழச் செய்யும் கோல், பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். இதுவே அடிப்படை விதி. லண்டன் 51.5 பாகை வடக்கே உள்ளது. அங்கு நேர் தெற்கு நோக்கிய சுவரில், கோல் சுவரிலிருந்து 38.5 பாகை சாய்ந்திருக்கும். 12 மணிக் கோட்டுக்கும் 1 மணிக் கோட்டுக்கும் இடைவெளி 9.5 பாகை. மாலை 5க்கும் 6க்கும் இடையிலோ 23 பாகை.

தமிழகத்தில் கும்பகோணம் அருகேயுள்ள திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலிலும் அரைவட்டச் சூரியக் கடிகாரம் உண்டு. அவ்வூர் சுமார் 11 பாகை வடக்கே இருக்கிறது. அங்குத் தெற்குச் சுவர் என்றால் கோலின் கோணம் 79 பாகை; மணிக் கோடுகள் ஏறக்குறைய 15 பாகைச் சம இடைவெளியில் அமையும்.

சிங்கப்பூரில் கோல் கிட்டத்தட்டச் செங்குத்தாகவே சுவரிலிருந்து நீண்டிருக்க வேண்டும். தெற்குச் சுவரில் செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் வெயில் படும். மற்ற மாதங்களில் வடக்குச் சுவரே பயன்படும். ஆண்டு முழுவதும் நேரம் பார்க்க இரண்டு கடிகாரங்கள் தேவை.

சுவரின் திசையை எப்படி அளப்பது? திசைகாட்டியை நம்ப முடியாது. சுவருக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதன் முள்ளைத் திருப்பிவிடும். சமதளப் பலகையைச் சுவரோடு ஒட்டி வைத்து, சுவருக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரையலாம். பலகைக்கு மேல் தூக்குநூல் ஒன்றைத் தொங்கவிட வேண்டும். சூரியன் உச்சிக்கோட்டைக் கடக்கும் வேளையில் நூலின் நிழல் சரியாக வடக்கு தெற்காக விழும். நிழலுக்கும் கோட்டுக்கும் இடையிலான கோணமே, சுவர் விலகியிருக்கும் அளவு.

அந்த வேளை கைக்கடிகாரத்தின் 12 மணி அல்ல. 1982 முதல் மலேசியாவும் சிங்கப்பூரும் 120 பாகைக் கிழக்கு நேரத்தைப் பின்பற்றுகின்றன. ஆகவே உச்சிப்பொழுது சராசரியாகச் சிங்கப்பூரில் பிற்பகல் 1.05க்கும் கோலாலம்பூரில் 1.13க்கும் நிகழ்கிறது. மாதத்திற்கேற்ப இது கால் மணி நேரம் வரை முன்பின்னாகும்.

பழைய சூரியக் கடிகாரத்தைக் காக்க விரும்புவோர் கல்லை மட்டும் காத்தால் போதாது. சுவரையும் காக்க வேண்டும். கழற்றுவது தவிர்க்க முடியாததெனில், சுவரின் திசையையும் கோலின் கோணத்தையும் முதலில் அளந்து குறித்துக்கொள்வதே அறிவுடைமை.