விஷயம் காரின் முதுகில் இருக்கிறது

மாஞ்சோலைக் கொண்டை ஊசி வளைவில் பேருந்து ஊர்ந்து ஏறுவதற்கும், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் ஓவல் பாதையில் கார்கள் மணிக்கு 370 கிலோமீட்டரில் சுற்றுவதற்கும் ஒரே கணக்குதானா என்று அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இண்டிகார் பந்தயத் தொடருக்கு 2028-ல் புதிய கார் வருகிறது என்ற செய்தியையும், அதை வைத்து ரசிகர்கள் இரண்டு கட்சியாக மல்லுக்கட்டுவதையும் படித்துவிட்டுக் கேட்கிறார். (2028 என்றால் நமக்கு மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் 99 ஆண்டுக் குத்தகை முடியும் வருஷம் என்றுதான் ஞாபகம் வரும். அது வேறு வழக்கு.)

கணக்கு ஒன்றேதான். வளைவில் சாலையின் வெளிவிளிம்பைத் தூக்கிக் கட்டினால், அந்தச் சாய்மானமே வண்டியை உள்பக்கம் தள்ளும். மலைச்சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு நூற்றுக்குப் பத்து. 14 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவை அப்படிச் சாய்த்தால், டயரின் பிடி கொஞ்சமும் இல்லாமலே மணிக்கு 13 கிலோமீட்டரில் திரும்பலாம். நம் மலைப் பேருந்துகளுக்கு அது தாராளம். இண்டியானாபோலிஸில் சாய்மானம் 9 டிகிரிக்குச் சற்று மேல், வளைவின் ஆரம் ஏறக்குறைய 256 மீட்டர். போட்டுப் பார்த்தால் விடை 73 கிலோமீட்டர். அவ்வளவுதான்! தொலைக்காட்சியில் மிரட்டுகிற அந்தச் சாய்வு, நான்குவழிச் சாலையில் சாவகாசமாகப் போகிற கார் வேகத்துக்கு மேல் உதவாது.

மிச்சத்தை யார் தருகிறார்கள்? காற்று தருகிறது. 370-ல் அந்த வளைவை எடுக்க, காரின் எடையைப் போல நான்கு மடங்கு விசை பக்கவாட்டில் வேண்டும். டயர் மட்டும் அதைத் தராது. தலைகீழாகப் பொருத்திய விமான இறக்கை மாதிரியான தகடுகளும், காரின் அடித்தளமும் சேர்ந்து காரைத் தரையோடு அழுத்தினால்தான் டயருக்கு அந்தப் பிடி கிடைக்கும்.

வரலாற்றையும் சொல்லித் தொலைக்க வேண்டும். பாதை 1909-ல் திறந்தது. முதல் பந்தயங்களிலேயே தரை பெயர்ந்து ஆட்கள் செத்ததால், அதே ஆண்டு 32 லட்சம் செங்கல் பதித்தார்கள். 1972-ல் இறக்கைகளுக்கான விதியைத் தளர்த்தியதும், தகுதிச் சுற்றின் முதலிட வேகம் ஒரே வருஷத்தில் 287-லிருந்து 315 கிலோமீட்டருக்குத் தாவியது. இப்போதைய கார் 2012-ல் வந்தது. அதைச் சோதித்து ஓட்டி, 2011 அக்டோபரில் லாஸ் வேகஸ் ஓவலில் இறந்துபோன டான் வெல்டனின் பெயரால் அது டிடபிள்யூ-12. போதும்.

சண்டைக்கு வருவோம். ஒரு கட்சி சொல்கிறது: கார் கிழடாகிவிட்டது. 2020-ல் ஓட்டுநருக்குக் கண்ணாடிக் கவசம், 2024-ல் ஹைபிரிட் என்று ஏற்றி ஏற்றிக் கனத்துவிட்டது, சின்ன ஓவல்களில் முந்தவே முடியவில்லை. மறு கட்சியின் பதில்: இதே காரில்தான் 2013 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் முதலிடம் 68 முறை கைமாறியது, அது சாதனை. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே, காருக்குப் பின்னால் கலங்கிக் கிடக்கும் காற்று.

திருநெல்வேலிக் குறுக்குத்துறை முருகன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிறது, வெள்ளம் வந்து மோதும் பக்கத்தைப் படகின் மூக்குபோலக் கட்டியிருக்கிறார்கள். முன்னால் தண்ணீர் சீறிப் பிளக்கும். பின்னாலோ வேகம் செத்து, சுழி போட்டு, தத்தளித்துக்கொண்டிருக்கும். அந்தத் தத்தளிப்புக்குள் இதேபோல் இரண்டாவது கோயில் ஒன்றைக் கொண்டுவந்து வைப்போம். அதன்மேல் வெள்ளம் உறைக்காது, பரம சுகம். நேர்பாதையில் முன்காரை ஒட்டி வருகிறவருக்குக் கிடைக்கும் சுகம் இதுதான். எதிர்க்காற்று குறைவதால் அவர் வேகம் எடுத்து முந்துகிறார். இனி, அந்த இரண்டாம் கோயில் அஸ்திவாரமே இல்லாமல், பாய்ந்து வரும் தண்ணீர் அழுத்தும் அழுத்தத்தை நம்பி மட்டுமே பாறையில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள் (முருகன் பொறுத்துக்கொள்ளட்டும்). ஓட்டம் செத்த இடத்தில் பிடி விட்டுப்போய், கொக்கிரகுளம் பாலத்தில் போய்த்தான் முட்டும். வளைவில் பின்னால் வரும் காரின் கதி அது.

எவ்வளவு பிடி போகும்? அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். முன்கார் காற்றைத் தன்னோடு இழுத்துப் போவதால், பின்கார் சந்திக்கும் காற்றின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், 0.8 × 0.8 = 0.64. அழுத்தத்தில் நூற்றுக்கு 36 காணாமல் போகிறது! அதுவும் முன் இறக்கைதான் முதலில் பட்டினி கிடக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு திரும்பாமல் கார் வெளிச்சுவரை நோக்கி ஒதுங்கும். ஓட்டுநர் காலைத் தூக்கியே ஆகவேண்டும். 2013-ல் அந்தக் கொழுத்த கார் காற்றில் பெரிய ஓட்டை போட்டது. நீண்ட நேர்பாதைகள் இருந்ததால் அந்த ஓட்டை விருந்தானது. வளைவே பாதியாக இருக்கும் சின்ன ஓவல்களில் அதே ஓட்டை வினையாகிறது.

கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் இறங்கியது அப்படியொரு குட்டி ஓவலான மார்ட்டின்ஸ்வில்லில்தான். அங்கே 13-வதாக வந்தார். ஓவலே இல்லாத அவருடைய ஊரில் இந்தச் சண்டைக்குச் சுவாரசியமான சாட்சி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. எல்ஜிபி ஃபார்முலா 4 கார்களுக்கு உயிர் கொடுப்பது மாருதி எஸ்டீம் இன்ஜின். எஸ்டீம் விற்பனை நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இறக்கை கிடையாது. ஆகவே இழக்க ஒன்றுமில்லை, ஒட்டி ஒட்டி ஓட்டலாம். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடிய ஃபார்முலா 4 கார்கள் நவீனமானவை, இறக்கையோடு வந்தவை, விளம்பரமும் அமோகம். கெட்டிப் பந்தயம் எதில் என்று கேட்டால் என் ஓட்டு அந்தப் பழைய எஸ்டீம் இன்ஜினுக்குத்தான்.

புதிய இண்டிகாரில் எடை குறையும், இன்ஜின் 2.2 லிட்டரிலிருந்து 2.4 ஆகும் என்கிறார்கள். நல்லது, அதில் எதுவும் கலங்கிய காற்றைத் தெளிவாக்காது. ஃபார்முலா 1-க்கும் இப்படித்தான் 2022-ல் புதுக் கார் வந்தது. முன்கார் 10 மீட்டர் முன்னே ஓடும்போது பழைய காரில் 46 சதவீத அழுத்தம் போகும், இதில் 18 தான் போகும் என்று விளம்பரப்படுத்தினார்கள். முதல் வருஷம் வித்தியாசம் தெரியத்தான் செய்தது. பிறகு அணிகள் ஒவ்வொன்றும் தன் வேகத்துக்காக விதியின் சந்துபொந்தில் புகுந்து, அழுக்குக் காற்றைப் பின்னால் தள்ளக் கற்றுக்கொண்டன. மூன்றாம் வருஷத்துக்குள் ஓட்டுநர்கள் பழையபடி புலம்பத் தொடங்கினார்கள். இண்டிகாரில் எல்லா அணிக்கும் டல்லாரா நிறுவனத்தின் ஒரே கார் என்பதால் அந்தத் திருகுதாளத்துக்கு இடம் குறைவு. நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டென்றால் அதுதான்.

புதுக் காரின் படம் வந்ததும் எல்லோரும் அதன் மூக்கு அழகைப் பற்றித்தான் பேசப்போகிறார்கள். நான் கேட்கப்போவது ஒரே ஒரு எண்: சின்ன ஓவலின் வளைவில், 10 மீட்டர் பின்னால் வருகிறவருக்கு நூற்றுக்கு எத்தனை மிஞ்சும்?