ஒரு பிடி சல்பைடும் ஒரு தொட்டிக் காற்றும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வழியே செல்வோர் தோல் பதனிடும் சாலைகளின் நாற்றத்தை அறியாதிரார். அதனுள் அழுகிய முட்டையை நினைப்பூட்டும் ஒன்று உண்டு; அதுவே ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. கழிவுத் தொட்டியைத் துப்புரவு செய்ய இறங்கியவர் மயங்கி வீழ, அவரைத் தூக்கச் சென்றவரும் உடன் மாண்டார் என்னும் செய்தி இப்பகுதியார்க்குப் புதிதன்று. எத்துணை வாயு இருப்பின் அங்ஙனம் நேரும்? தமிழ் பயில்வோனும் போடத்தக்க எளிய கணக்கே இது.

தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்ப்பர். பின்னர் உப்பும் கந்தகத் திராவகமும் கலந்த நீரில் தோலை ஊறவிடுவர். இவ்விரு கழிவுநீரும் ஒரே தொட்டியிற் கூடின், திராவகம் சல்பைடைச் சிதைத்து வாயுவை எழுப்பும். 78 கிராம் சல்பைடும் 98 கிராம் திராவகமும் கூடி, 142 கிராம் சோடியம் சல்பேட்டும் 34 கிராம் வாயுவுமாகும். இருபுறமும் 176, எடை எங்கும் மறைவதில்லை.

எடையினின்று பரிமாணம் அறிவது எவ்வாறு? சம பரிமாணமுள்ள வாயுக்களில், வெப்பமும் அழுத்தமும் ஒத்திருப்பின், மூலக்கூறுகளின் தொகையும் சமமே என்று 1811-இல் ஆவகாட்ரோ கூறினார். அதன்படி, மேற்கூறிய 34 கிராம் வாயு 0 பாகை வெப்பத்தில் 22.4 லிட்டர் இடங்கொள்ளும். வேலூர் வெயிலுக்கு 0 பாகை ஏது! பாகை ஒன்றுக்கு 273-இல் ஒரு பங்கு விரியுமாதலின், 30 பாகையில் அது 24.9 லிட்டராம்.

நான்கு மீட்டர் நீளமும், இரண்டரை மீட்டர் அகலமும், இரண்டு மீட்டர் ஆழமுமுள்ள தொட்டியொன்றைக் கொள்வோம். அது 20,000 லிட்டர் காற்றைக் கொள்ளும். காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இவ்வாயு கலந்தால், சில மூச்சுக்களிலேயே ஒருவர் உணர்விழப்பார். அப்பங்கு 20 லிட்டர். அதனை 78 ஆற் பெருக்கி 24.9 ஆல் வகுக்க, ஏறத்தாழ 63 கிராம் சல்பைடு போதும் என விளங்கும். விற்பனைக்கு வரும் செதிற் சல்பைடு நூற்றுக்கு அறுபது பங்கே தூயதாதலின், அதில் 105 கிராம் வேண்டும். எங்ஙனம் நோக்கினும் ஒரு பிடிதான்!

வாயுவிற் சிறிது நீரிலேயே கரைந்து நிற்கும் என்பது மெய்யே. ஆயினும் அடியிற் படிந்த சேற்றில் நுண்ணுயிர்களும் சல்பேட்டினின்று சல்பைடை ஆக்கிக்கொண்டிருக்கும். மண்வெட்டியாற் கிளறியவுடன் அடங்கியிருந்த வாயு எழும். காற்றின் மூலக்கூற்றெடை சராசரி 29, இதற்கோ 34. ஆதலின் அது தொட்டியின் அடியிலேயே தங்கும். கொடுமை யாதெனின், அளவு மிகுந்தவிடத்து மூக்கு அதனை உணரும் ஆற்றலை இழந்துவிடும். நாற்றம் நின்றதென்று இறங்குதல், கடிகாரம் நின்றமையாற் பொழுதும் நின்றதென்று எண்ணுதல் போலும். அளவுகருவியைக் கயிற்றிற் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்கவேண்டும். உள்ளே ஒருவர் வீழ்ந்து கிடப்பினும், மூச்சுக்கருவி அணியாத எவரும் அவர்பின் இறங்கலாகாது.