நள்ளிரவில் தொலைந்த ரசிகர்கள்

அக்டோபர் மாதக் கடைசியில் நாம் காலைப் பசியாறிக்கொண்டிருக்கும் 8 மணிக்கு நியூயார்க்கில் இரவு 8 மணி. அமெரிக்க பேஸ்பாலின் மகுடப் போட்டியான ‘வோர்ல்ட் சீரிஸ்’ தொடங்கும் நேரம் அது. இரண்டு குழுக்கள் மோதும். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் குழுவுக்கே கிண்ணம்.

1978ல் நியூயார்க் யாங்கீஸும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் மோதிய தொடரை ஆட்டத்துக்குச் சராசரியாக 44 மில்லியன் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். இன்றுவரை முறியடிக்கப்படாத எண்ணிக்கை அது. 2023ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ், அரிசோனா டைமண்ட்பேக்ஸ் தொடருக்குக் கிடைத்த சராசரி 9 மில்லியனைச் சற்றே தாண்டியது. அதற்கு முன் அவ்வளவு குறைவாகப் பதிவானதே இல்லை. நாட்டின் மக்கள்தொகை பெருகியபோதும், பார்ப்பவர்கள் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டார்கள்.

எங்கே போனார்கள் இந்த ரசிகர்கள்?

முதல் பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1978ல் அமெரிக்க வீடுகளில் மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களே கோலோச்சின. பிறகு கேபிள் வந்தது, இணையம் வந்தது, கைப்பேசி வந்தது. எல்லா நிகழ்ச்சிகளுக்கும் கூட்டம் குறைந்தது. ஆனால் இது பாதிப் பதில்தான். அதே நாட்டில் அமெரிக்கக் காற்பந்தின் இறுதியாட்டமான ‘சூப்பர் பௌல்’ இன்றும் 100 மில்லியனுக்கு மேற்பட்டவர்களைத் திரைமுன் உட்கார வைக்கிறது. ஒரே ஆட்டம் என்பது அதற்குள்ள வசதி. என்றாலும், கைப்பேசி மட்டும்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது.

ஊர்ப் பாசத்தின் மறுபக்கம்

பேஸ்பால் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ரசிகர் தம் ஊர்க் குழுவை ஆறு மாதம் ஏறக்குறைய தினமும் பின்தொடர்கிறார். உள்ளூர் ஒளிவழிகளும் அந்தப் பாசத்தை நம்பியே பிழைத்தன. ஆனால் தம் குழு தோற்று வெளியேறியதும் அவருக்கு அக்டோபர் முடிந்துவிடுகிறது. மற்ற ஊர்களின் வீரர்களை அவருக்குச் சரியாகத் தெரியாது. 2023ல் நேர்ந்தது இதுதான். ஆட்டத்தின் தரம் குறையவில்லை. ஆடியவர்களை நாடு அறிந்திருக்கவில்லை.

1994ஆம் ஆண்டின் காயமும் உண்டு. சம்பளத் தகராறில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அவ்வாண்டு வோர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. இரண்டு உலகப் போர்களின்போதும் நிற்காத தொடர், பணத்துக்காக நின்றது. மனம் கசந்து போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

தூங்கப் போன பிள்ளைகள்

எல்லாவற்றையும்விட ஆழமான காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இத்தொடர் பகலில்தான் நடந்தது. பள்ளிவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் கடைசிக் கட்டத்தையாவது பார்த்துவிடுவார்கள். 1971ல் முதன்முறையாக ஓர் ஆட்டத்தை இரவுக்கு மாற்றினார்கள். இரவில் விளம்பர வருமானம் அதிகம். 1987க்குப் பிறகு பகலாட்டம் ஒன்றுகூட இல்லை.

இதனிடையே ஆட்டமும் நீண்டுகொண்டே போனது. 2021ல் ஒரு சாதாரண ஆட்டம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரவு 8 மணிக்குத் தொடங்கினால், முடிவு தெரியும்போது நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் நடுநிசி நெருங்கிவிடும். மறுநாள் பள்ளி. பிள்ளையைப் படுக்கைக்கு அனுப்பிவிட்டு அப்பா மட்டும் பார்ப்பார். பத்து வயதில் ஒட்டாத பாசம் முப்பது வயதில் ஒட்டுமா? அன்று தூங்கப் போன பிள்ளைகள்தான் பின்னாளில் பார்க்காமல் போன ரசிகர்கள்.

திரும்பி வந்த கூட்டம்

சரிவை நிறுத்த முடியும் என்பதற்கும் சான்று உண்டு. பந்து வீசுபவர் யோசித்துக்கொண்டே நிற்பதைத் தடுக்க 2023ல் ‘பிட்ச் கிளாக்’ வந்தது. ஆடுதளத்தில் எதிரணி ஓட்டக்காரர் இல்லையென்றால் 15 விநாடிக்குள் பந்தை வீசியாக வேண்டும். ஒரே ஆண்டில் ஆட்ட நேரம் ஏறக்குறைய 24 நிமிடம் குறைந்தது. அரங்குக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் அவ்வாண்டு 70 மில்லியனைத் தாண்டியது. அவ்வாண்டே இறுதித் தொடர் தொலைக்காட்சியில் அடிமட்டத்தைத் தொட்டது என்றால், விதியை மாற்றுவது மட்டும் போதாது என்றுதானே பொருள்?

மறு ஆண்டு நாடறிந்த முகங்கள் வந்தன. 2024ல் மீண்டும் யாங்கீஸும் டாட்ஜர்ஸும். டாட்ஜர்ஸ் அணியில் ஜப்பானின் ஷோஹெய் ஒஹ்தானி. அமெரிக்காவில் சராசரி 15.8 மில்லியனுக்கு ஏறியது. ஜப்பானில் மட்டும் சுமார் 12 மில்லியன் பேர் பார்த்தார்கள். 2025ல் கனடாவின் டொரோண்டோ புளூ ஜேஸ் டாட்ஜர்ஸை எதிர்கொண்டது. கூடுதல் இன்னிங்ஸ் வரை இழுத்து 5-4 என முடிந்த ஏழாவது ஆட்டத்தை மூன்று நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 50 மில்லியன் பேர் பார்த்தார்கள். ஒருநாட்டு ஆட்டம் மூன்று நாட்டு ஆட்டமானது.

இனி என்ன செய்யலாம்?

வேகமும் நட்சத்திரங்களும் கூட்டத்தைக் கூட்டிவந்துவிட்டன. அதைத் தக்கவைக்க நேரத்தையும் மாற்றியாக வேண்டும். வாரநாளில் 8 மணியை முன்னுக்கு இழுத்தால், மூன்று மணி நேரம் பின்தங்கிய கலிஃபோர்னியாவில் வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதைப் பிற்பகல் 3 மணிக்கு வைத்தால் இரு கரைப் பிள்ளைகளும் கடைசிப் பந்து வரை பார்க்கலாம். கல்லூரிக் காற்பந்தோடு போட்டியிட வேண்டியிருக்கும். விளம்பர வருமானமும் குறையலாம். அந்த இழப்பு, விதைநெல்லுக்கு ஒதுக்கும் பங்கு. விதைநெல்லையும் ஆக்கித் தின்றால் அடுத்த போகம் ஏது?

2025ன் ஏழாவது ஆட்டம் நடந்தது அமெரிக்காவின் சனிக்கிழமை இரவில். ஜப்பானுக்கு அது ஞாயிறு காலை. ஓசாகாவில் ஒரு சிறுவன் வெளிச்சத்தில் உட்கார்ந்து முடிவுவரை பார்த்திருக்க முடியும். அதே வயதுச் சிறுவன் நியூயார்க்கில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்திருப்பான். இன்னும் இருபது ஆண்டில் இந்த ஆட்டத்தின் ரசிகர்கள் எந்த ஊரில் இருப்பார்கள் என்பதை அந்த இரு சிறுவர்களே தீர்மானிப்பார்கள்.