மாமி எந்த நோயில் மௌத்தானார்?

சில மாதங்களுக்கு முன் சோனகத் தெருவில் ஒரு தாய் என்னைக் காண வந்தார். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்களாம்.

"மௌலவி, பிள்ளையின்ர வாப்பாட உம்மாவும் மாமியும் மார்புப் புற்றுநோயில மௌத்தானவங்க. மாப்பிள்ளை வீட்டாருக்கு இதைச் சொல்ல வேணுமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த மகள் திடுக்கிட்டுத் தாயைப் பார்த்தாள். அவளுக்கே அன்றுதான் அந்தச் செய்தி தெரியும்!

சகோதரிகளே! மாப்பிள்ளை வீட்டார் இருக்கட்டும். இதை முதலில் அறிய வேண்டியவள் அந்த மகளல்லவா?

அடையாறு என்றாலே நம்மவருக்குப் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். அது உருவானதும் ஒரு குடும்பத்தின் துயரத்தில்தான். டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பை மறக்காத அக்கா 1954இல் 12 கட்டில்களுடன் அந்த நிலையத்தைத் தொடங்கி வைத்தார். மறு ஆண்டு, 28 வயதான டொக்டர் வி. சாந்தா கையில் கிடைத்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தார். 2021 ஜனவரி 19ஆம் திகதி 93ஆவது வயதில் இறக்கும்வரை அவர் வாழ்வு அங்கேயே கழிந்தது. பணமில்லை என்பதற்காக ஓர் ஏழையும் திரும்பிப் போகக்கூடாது என்பது அவரது உறுதி. 2005இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது.

வைத்தியம் மட்டும் போதாது என்பதை அவர் கண்டார். பயத்தாலும் வெட்கத்தாலும் நோயை மறைத்து, முற்றிய பின்னரே பெண்கள் வந்தார்கள். ஆகவே ஆரம்பத்திலேயே கண்டறிவதற்கும் தடுப்பதற்கும் வாழ்நாளெல்லாம் பாடுபட்டார். அவரது நிலையத்திலேயே டொக்டர் ராஜ்குமார் குழுவினர் தென்னிந்தியக் குடும்பங்களில் பரம்பரையாக வரும் மார்பு, சூலகப் புற்றுநோய்களை ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். 2008இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இலங்கைப் பெண்களிடம் இத்தகைய ஆய்வைச் செய்து வெளியிட்டனர்.

இந்த ஆய்வுகளுக்கு வழி திறந்தவர் அமெரிக்கப் பெண் விஞ்ஞானி மேரி கிளேர் கிங். மார்புப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு பரம்பரையலகு (மரபணு) 17ஆவது நிறமூர்த்தத்தில் இருப்பதை அவர் 1990 ஒக்டோபரில் அறிவித்தார். பல ஆண்டுகளாகக் குடும்பம் குடும்பமாக விசாரித்து, யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்று குறித்துக் கண்டுபிடித்த உண்மை அது.

அதே ஒக்டோபரின் இறுதியில்தான் நாம் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டோம். ஒரு வளவில் வாழ்ந்த குடும்பங்கள் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு என்று சிதறின. வீடும் உடைமையும் போனதைப் பேசுகிறோம். எந்த மாமி எந்த நோயில் எந்த வயதில் மௌத்தானார் என்ற அறிவும் அன்று சிதறிப்போனதை நினைத்தோமா?

பயப்பட வேண்டாம். மார்புப் புற்றுநோய்களில் 100க்கு 5 முதல் 10 வரையே பரம்பரையாக வருபவை. பழுதுபட்ட பரம்பரையலகு இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஆனால் தாய்வழியாக மட்டுமே வரும் என்று எண்ணிவிடாதீர்கள். தகப்பனிடமிருந்தும் வரும். பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு.

ஒரு பக்கத்து உறவினர் இருவருக்கு மார்புப் புற்றுநோய் வந்திருந்தாலோ, ஒருவருக்கு 50 வயதுக்கு முன்பே வந்திருந்தாலோ, சூலகப் புற்றுநோய் இருந்தாலோ, ஓர் ஆணுக்கு மார்பில் வந்திருந்தாலோ டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அத்தகைய பெண்ணை இளவயதிலிருந்தே கவனித்துப் பரிசோதிக்க வழியுண்டு. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் நாளைக் கேளுங்கள். புற்றுநோய்க்கென 2013இல் திறக்கப்பட்ட ஆஸ்பத்திரி தெல்லிப்பழையிலேயே இருக்கிறது.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "நோய் குற்றமல்ல, குடும்பத்துக்கு இழிவுமல்ல. சம்பந்தப் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் பிள்ளையை டொக்டரிடம் கூட்டிப் போங்கள்."

உங்கள் வீட்டு மூத்தவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். புத்தளத்திலுள்ள சாச்சிக்கும் ஒரு கோல் எடுங்கள். மூன்று தலைமுறையின் பெயரையும் நோயையும் வயதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உங்கள் மகளுக்கு நகையோடு அதையும் கொடுங்கள்.