வீட்டுப் பொருட்களே விளையாட்டுப் பொருட்கள்: குழந்தைகளின் புலன்களைத் தூண்டுவது எப்படி? பெற்றோர் கவனிக்க வேண்டியவை என்ன?

புதுடெல்லி: கடையில் வாங்கிய பொம்மையை இரண்டே நாளில் ஒதுக்கிவிட்டு, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் புகுந்து விளையாடும் குழந்தையைக் காணாத வீடு அரிது. சமையலறையின் கீழ்த்தட்டில் உள்ள டம்ளர்களையும் கரண்டிகளையும் வெளியே இழுத்துப்போட்டுத் தட்டுவது பெரியவர்களுக்குக் குறும்பாகத் தோன்றலாம். ஆனால், பிறந்தது முதல் 6 வயது வரையிலான பருவத்தில் குழந்தை உலகத்தை அறிந்துகொள்வது பெரும்பாலும் இவ்வாறுதான்.

தொட்டும், முகர்ந்தும், தட்டியும், ஊற்றியும் விளையாடுவதற்கான பொருட்கள் இன்று 'சென்சரி கிட்' என்ற பெயரில் இணைய வணிகத் தளங்களில் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்க இயலாத பெற்றோர், தம் குழந்தை பின்தங்கிவிடுமோ எனக் கவலைப்படுகின்றனர். அந்தக் கவலைக்கு அவசியமில்லை. அதே வேளையில், விளையாட்டுக்கு உதவும் அதே சமையலறை அலமாரியில் குழந்தையின் உயிருக்கு ஆபத்தான பொருட்களும் இருக்கின்றன. எதை, எந்த வயதில், எப்படிக் கொடுப்பது என்பதே இங்கு முக்கியமான கேள்வி.

புலன்வழி விளையாட்டு என்றால் என்ன?

பார்த்தல், கேட்டல், தொடுதல், முகர்தல், சுவைத்தல் ஆகிய ஐம்புலன்களில் ஒன்றையோ பலவற்றையோ பயன்படுத்தி, குழந்தை தன் விருப்பப்படி பொருட்களைக் கையாள்வது புலன்வழி விளையாட்டு எனப்படுகிறது. உடலின் சமநிலையை உணர்வதும், கை கால்களின் அசைவையும் விசையையும் உணர்வதும் இதில் அடங்கும்.

உதாரணமாக, ஒரு குவளைத் தண்ணீரை மற்றொன்றில் ஊற்றும் குழந்தை, கண் பார்க்கும் இடத்துக்குக் கையைக் கொண்டு செல்லப் பழகுகிறது. எவ்வளவு சாய்த்தால் எவ்வளவு கொட்டும் எனக் கணிக்கிறது. 'நிறைந்தது', 'காலி', 'கொஞ்சம்' போன்ற சொற்களுக்குப் பொருள் காண்கிறது. சப்பாத்தி மாவைப் பிசையும்போது வலுப்பெறும் விரல் தசைகளே பின்னர் பென்சில் பிடிக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் உதவுகின்றன.

அரசின் பாடத்திட்டங்கள் கூறுவது என்ன?

மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கும் மேல் 6 வயதுக்கு முன்பே நிகழ்ந்துவிடுவதாகத் தேசிய கல்விக் கொள்கை 2020 குறிப்பிடுகிறது. அதன் அடிப்படையில், 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கான தேசிய பாடத்திட்டக் கட்டமைப்பு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி வெளியிடப்பட்டது. விளையாட்டே இந்த வயதினருக்கான கற்றல் முறை என்பது அதன் மையக் கருத்தாகும். இதைத் தொடர்ந்து, பொம்மைகள், புதிர்கள், கதைப் புத்தகங்கள் அடங்கிய 'ஜாதுயி பிட்டாரா' என்ற கற்றல் தொகுப்பு 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி அறிமுகமானது.

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் தன் பங்குக்கு, 'போஷண் பி படாய் பி' திட்டத்தின் கீழ் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. பிறந்தது முதல் 3 வயது வரையிலான குழந்தைகளுக்காக அந்த அமைச்சகம் வெளியிட்ட 'நவசேதனா' வழிகாட்டி, 36 மாதங்களுக்கான நாட்காட்டியையும் வயதுக்கேற்ற 140 செயல்பாடுகளையும் கொண்டது. வீட்டிலேயே செய்யக்கூடிய, செலவில்லாத விளையாட்டுப் பொருட்களுக்கும் இத்திட்டத்தில் முக்கியத்துவம் அளிக்கப்படுகிறது.

நூறாண்டுப் பின்னணி

எளிய பொருட்களைக் கொண்டு கற்பிப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. குஜராத் மாநிலம் பாவ்நகரில் 1920-ஆம் ஆண்டு கிஜுபாய் பதேக்கா குழந்தைகளுக்கான 'பால மந்திர்' பள்ளியைத் தொடங்கினார். மரியா மாண்டிசோரியின் முறையைத் தழுவி, கதை, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர் அவர்.

அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், பின்னர் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குச் சென்றபோது வேறொரு சிக்கலை எதிர்கொண்டார். மாண்டிசோரிக் கருவிகளின் விலை, ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகாததாக இருந்தது. எனவே அவரும் அனுதாய் வாக்கும் கூழாங்கற்கள், கிளிஞ்சல்கள், இலைகள், விதைகள் என அந்தப் பகுதியில் கிடைத்தவற்றையே கற்பிக்கும் கருவிகளாக்கினர். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளைத் தேடிச் சென்று, அவர்கள் வசித்த இடத்தின் முற்றத்திலேயே வகுப்புகளை நடத்தினர். மோடக்குக்கு 1962-இல் பத்மபூஷண் விருதும், வாக்குக்கு 1984-இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பட்டன. முற்றத்தைக் குறிக்கும் 'அங்கண்' என்ற சொல்லே, 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி மையங்களின் பெயரிலும் இடம்பெற்றுள்ளது.

எந்த வயதில் எந்த விளையாட்டு?

6 முதல் 12 மாதம் வரை: எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்கும் பருவம் இது. பெரிய, சுத்தமான, சாயம் போகாத பொருட்கள் மட்டுமே ஏற்றவை. எவர்சில்வர் கிண்ணமும் மரக்கரண்டியும் தந்தால், தட்டும் இடத்துக்கேற்ப ஒலி மாறுவதைக் குழந்தை கவனிக்கும். பருத்தித் துணி, கம்பளி, சொரசொரப்பான துண்டு ஆகியவற்றைத் தொட்டுப்பார்க்கச் செய்யலாம். ஒரு கிண்ணத்தைத் துணியால் மூடி, 'எங்கே?' எனக் கேட்டுத் திறந்து காட்டலாம். கண்ணுக்கு மறைந்த பொருளும் அங்கேயே இருக்கிறது என்ற புரிதல் இந்தப் பருவத்தில்தான் உருவாகிறது. மசித்த வாழைப்பழத்தையோ வேகவைத்த பூசணியையோ தட்டில் வைத்து, கையால் அளைந்து உண்ண விடுவதும் விளையாட்டே.

1 முதல் 2 வயது வரை: போடுவதும் எடுப்பதும் இந்த வயதின் விருப்பம். பெரிய டப்பாவில் உருட்டிய காலுறைகளைப் போட்டு எடுக்கலாம். அகன்ற தட்டில் சிறிதளவு தண்ணீர் வைத்து, பிளாஸ்டிக் குவளையால் ஊற்றி விளையாடலாம். காலியான அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு போவது கால்களுக்கு நல்ல பயிற்சி.

2 முதல் 3 வயது வரை: சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையும் சிறிய பூரிக்கட்டையும் போதும். அழுத்தினால் தட்டையாகும், உருட்டினால் நீளும், பிய்த்தால் இரண்டாகும். மாவை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகாத மாவில் நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும். பழைய பெயின்ட் பிரஷையும் ஒரு குவளைத் தண்ணீரையும் கொடுத்தால், வெளிச்சுவரில் குழந்தை 'வண்ணம்' தீட்டும். வெயிலில் அது காய்ந்து மறைவதும் ஒரு பாடம். பஞ்சில் தண்ணீரை உறிஞ்சி மற்றொரு கிண்ணத்தில் பிழிவது விரல்களுக்கு வலுவூட்டும்.

3 முதல் 4 வயது வரை: தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, விரலால் கோடும் வட்டமும் வரையலாம். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்தால் பூ வடிவம் கிடைக்கும். பீட்ரூட் சாறு, மஞ்சள்தூள், அரைத்த கீரை ஆகியவையே வண்ணங்கள். துணி மாட்டும் கிளிப்புகளை அட்டையின் ஓரத்தில் மாட்டிக் கழற்றலாம். வட மாநிலங்களில் குளிர்காலத்தில் குடும்பமே அமர்ந்து பச்சைப் பட்டாணி உரிப்பது வழக்கம். அந்த வேலையில் ஒரு கைப்பிடிக் காய்களைக் குழந்தையிடம் கொடுத்தால், அதற்கு ஈடான விரல் பயிற்சி வேறில்லை. உரித்த பட்டாணி வாய்க்குப் போகாமல் பெரியவர் அருகிலிருக்க வேண்டும்.

4 முதல் 6 வயது வரை: இது 'ஏன்?' எனக் கேட்கும் பருவம். எலுமிச்சை, கரண்டி, கார்க், உருளைக்கிழங்கு ஆகியவற்றுள் எது மிதக்கும், எது மூழ்கும் எனக் குழந்தையை முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு போட்டுப் பார்க்கலாம். மஞ்சள்தூள் கரைத்த நீரில் தோய்த்து உலர்த்திய தாளில் சோப்பு நீரைத் தொட்டு வைத்தால் சிவப்பாகும். எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். சீரகம், ஏலக்காய், காபித்தூள் ஆகியவற்றைத் துணியில் முடிந்து, முகர்ந்து பெயர் சொல்லச் செய்யலாம்.

ஒரே அளவுத் தண்ணீரை அகன்ற கிண்ணத்திலும் உயரமான டம்ளரிலும் ஊற்றிக் காட்டினால், உயரமான டம்ளரில்தான் அதிகம் எனப் பெரும்பாலான குழந்தைகள் சொல்வார்கள். அது தவறல்ல. வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற புரிதல் ஏறத்தாழ 7 வயதில்தான் கைகூடும் என ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கியுள்ளார். திருத்துவதை விட, திரும்பத் திரும்ப ஊற்றிப் பார்க்க விடுவதே பயனளிக்கும்.

பொருட்கள் குறைந்தால் விளையாட்டு கூடும்

அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 30 மாத வயதுடைய 36 குழந்தைகள் கவனிக்கப்பட்டனர். 16 பொம்மைகள் இருந்தபோது காட்டியதைவிட, 4 பொம்மைகள் மட்டும் இருந்தபோது அவர்கள் ஒவ்வொன்றையும் நீண்ட நேரம், பல விதங்களில் பயன்படுத்தி விளையாடினர். எனவே ஒரு வேளைக்கு இரண்டு மூன்று பொருட்கள் போதும்.

பெரியவர் செய்ய வேண்டியது அருகில் அமர்வது, கவனிப்பது, குழந்தை செய்வதைச் சொல்லாக்குவது. 'மாவு பிசுபிசுன்னு ஒட்டுதா?' என்ற ஒரு கேள்வி புதிய சொல் ஒன்றைத் தருகிறது. 'இப்படிச் செய்' என்று கையைப் பிடித்து நடத்தினால் அது விளையாட்டாக இராது. குழந்தைக்கு ஒரு பொருளைத் தொடப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. கரண்டியால் கிளறிப் பழகிய பிறகு தானாகவே கை நீட்டலாம்.

கைபேசியைக் கொடுத்துக் குழந்தையை அமைதிப்படுத்தும் நேரத்துக்கும் இது மாற்றாக அமையும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை நேரமே கூடாது என்றும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

உணவை வீணாக்கலாமா?

உணவுப் பொருளை விளையாட்டுக்குத் தருவது பல குடும்பங்களுக்கு மனம் ஒப்பாத செயல். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஒரே ரவையை மூடி வைத்துப் பல முறை பயன்படுத்தலாம். காய்கறித் தோல், வெண்டைக்காய்க் காம்பு, பழைய செய்தித்தாள் என எப்படியும் கழிவாகப் போகிறவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். விளையாடிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதையும் விளையாட்டின் கடைசிப் பகுதியாக்கலாம்.

எச்சரிக்கை அவசியம்

வேர்க்கடலை, கொண்டைக்கடலை, ராஜ்மா, புளியங்கொட்டை, பொத்தான், மணி போன்றவற்றை 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இவை மூச்சுக்குழாயில் சிக்கினால் சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து நேரும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. பொம்மைப் பாதுகாப்புத் தரங்களில் சிறு பொருட்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். உருண்டையான பொருள் என்றால் இதைவிடவும் பெரிதாக, குறைந்தது 4.5 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது பாதுகாப்பு.

தண்ணீர் விளையாட்டின்போது ஒரு நொடியும் குழந்தையைத் தனியே விடக் கூடாது. சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள நீரிலும் சிறு குழந்தை மூழ்கக்கூடும். விளையாட்டு முடிந்ததும் வாளியையும் தொட்டியையும் காலி செய்ய வேண்டும்.

ரிமோட், கைக்கடிகாரம் போன்றவற்றில் உள்ள பொத்தான் வடிவ பேட்டரியை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பாலித்தீன் பை, தெர்மாகோல் உருண்டை, மிளகாய்த்தூள், சலவைத்தூள், போராக்ஸ் ஆகியவற்றுக்கு விளையாட்டில் இடமில்லை. உப்பு அதிகம் சேர்த்த களிமாவை, எதையும் வாயில் வைக்கும் வயதினருக்குத் தரக் கூடாது.

மூச்சுத் திணறல் ஏற்பட்டால், குழந்தை இருமிக்கொண்டிருக்கும் வரை தொடர்ந்து இரும விட வேண்டும். இருமவோ அழவோ முடியவில்லை என்றால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். ஒரு வயதைக் கடந்தவருக்கு, முதுகில் 5 முறை தட்டிய பிறகு மேல் வயிற்றில் 5 முறை அழுத்தம் தர வேண்டும். பொருள் வெளிவரும் வரை இதை மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினால் அது மேலும் உள்ளே போய்விடும். உடன் இருப்பவர் அதே நேரத்தில் 112 அல்லது 108 எண்ணை அழைக்க வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுகுவது?

மணலோ மாவோ கையில் ஒட்டுவதைச் சில குழந்தைகள் விரும்பாதது இயல்பே. ஆனால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பிப் பார்க்காமை, கண்ணோடு கண் பார்க்காமை, பேச்சு வராமை, கற்ற திறன்களை இழத்தல் போன்றவை சேர்ந்து காணப்பட்டால் குழந்தைகள் நல மருத்துவரைத் தாமதமின்றி அணுக வேண்டும். 2013-இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் ஆரோக்கியத் திட்டத்தின் கீழ், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாக வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள அங்கன்வாடி மையத்தை அணுகியும் வழிகாட்டுதல் பெறலாம்.